தேங்காயெண்ணெய் குடித்தால் கதிர்காமம் கிட்டவாகுமா?

தொண்டைமானாற்றுச் செல்வச்சந்நிதியில் வேலோடு புறப்படும் கதிர்காமப் பாதயாத்திரை முல்லைத்தீவு, திருகோணமலை, வெருகல் எல்லாம் தாண்டி மட்டக்களப்புக்குள் வருகிறது. எங்கள் அமிர்தகழி மாமாங்கேஸ்வரர் வாசலில் கால் ஆறிவிட்டு, மண்டூர், திருக்கோவில், பொத்துவில் என்று தெற்கே இறங்கி, உகந்தையில் குமணக் காட்டுக்குள் நுழைகிறது. ஐந்நூறு கிலோமீற்றருக்கு மேல். நாற்பது ஐம்பது நாள் நடை. விளையாட்டு விஞ்ஞானிகள் நாலு, ஆறு மணித்தியாலத்துக்கு மேல் நீளும் முயற்சியையே அதிநெடுந்தூரம் என்று தனி வகுப்பாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்கில் பொல்லூன்றி வரும் எங்கள் ஆச்சிமாரெல்லாம் அந்த வகுப்பின் மூத்த மாணவிகள். இந்த வகுப்பைக் குறிவைத்து இப்போது ஒரு சந்தையும் திறந்திருக்கிறது. வெறுவயிற்றில் ஒரு கரண்டி தேங்காயெண்ணெய், கோப்பியில் பட்டர், ‘எம்சிரி’ என்று எழுதிய வெளிநாட்டு எண்ணெய்ப் போத்தல், மீனெண்ணெய்க் குளிசை, கீற்றோன் பானம். நூறு கிலோமீற்றர் ஓடுகிறவருக்கும் சரி, காட்டுப்பாதை நடக்கிறவருக்கும் சரி, கொழுப்பைக் கூட்டினால் களைப்பு வராது என்பதுதான் எல்லா விளம்பரத்தின் சாரமும். இதென்னகா புதுக்கதை என்று நின்று கேட்கத்தான் இந்தப் பதிவு. என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: நெடுந்தூரம் போகிற உடம்புக்குக் கொழுப்பு மிக முக்கியமான எரிபொருள், ஆனால் அதை வெளியிலிருந்து ஊற்றுவதால் ஓட்டமோ நடையோ மேம்படுவதில்லை. சில வேளை கெடுகிறது.

முதலில் இருப்பைக் கணக்குப் பார்ப்போம். அறுபது கிலோ நிறையுள்ள, மெலிந்த ஓட்டக்காரர் ஒருவரை எடுங்கள். உடம்பில் கொழுப்பு நூற்றுக்குப் பன்னிரண்டு என்றாலும் அது ஏழு கிலோ. ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி தரும். அவயவங்களைக் காப்பதற்கென்று கைவைக்கக்கூடாத பங்கைக் கழித்தாலும் பல பத்தாயிரம் கலோரி மிஞ்சும். நூறு கிலோமீற்றர் ஓடி முடிக்க அவருக்குத் தேவைப்படுவது ஏறத்தாழ 6,000. மறுபக்கம், தசையிலும் ஈரலிலும் கிளைக்கோசனாகச் சேர்த்து வைத்திருக்கும் மாச்சத்து நானூறு ஐந்நூறு கிராம்தான். சுமார் 2,000 கலோரி. பற்றாக்குறை எந்தப் பக்கம் என்று சின்னப்பிள்ளையும் சொல்லிவிடும். பாதயாத்திரைக்கும் இதே கணக்கைப் போட்டுப் பாருங்கள். சமதரையில் நடக்க ஒரு கிலோமீற்றருக்கு உத்தேசமாக 45 கலோரி என்றால் ஐந்நூறு கிலோமீற்றருக்கு 22,500. உடம்பின் கொழுப்பில் மூன்று கிலோ கரைந்தால் அந்த முழுச் செலவும் அடைந்துவிடும். சந்நிதியில் வெளிக்கிடும்போதே கதிர்காமம் வரைக்குமான கொழுப்பு இடுப்பிலும் வயிற்றிலும் ஏறியிருக்கிறது. நம்மில் பலருக்குத் திரும்பி நடக்கவும் போதுமான அளவில்.

அப்படியென்றால் களைப்பு எங்கிருந்து வருகிறது? இருப்பு இருக்கிறது, வேகம் இல்லை. படுவான்கரையில் அறுவடை முடிந்து களஞ்சியம் முட்ட நெல் கிடக்கலாம். ஆலை ஒரு நாளைக்குக் குத்தக்கூடிய மூடைக்கு ஒரு எல்லை உண்டு, அதற்கு மேல் நெல்லைக் கொண்டுவந்து வாசலில் கொட்டினால் ஆலை வேகமாக ஓடாது. கொழுப்பு இழையங்களிலிருந்து கழன்று, குருதியில் ஏறி, தசைக்குள் நுழைந்து, கலத்தின் இழைமணிக்குள் எரிய வேண்டும். பயிற்சி உள்ள, வழமையான சாப்பாடு சாப்பிடுகிற ஓட்டக்காரர் ஒரு நிமிடத்துக்கு எரிக்கக்கூடிய கொழுப்பு அரைக் கிராமுக்கும் முக்கால் கிராமுக்கும் இடையில் நிற்கும். 0.6 கிராம் என்று வைத்தால் மணித்தியாலத்துக்கு 324 கலோரி. அவர் மணிக்குப் பத்துக் கிலோமீற்றர் வேகத்தில் ஓடினால் செலவு 600. மிச்சம் 270, 280 கலோரி மாச்சத்திலிருந்துதான் வர வேண்டும். அதாவது ஏறத்தாழ 70 கிராம். இன்றைக்கு விளையாட்டுப் போசாக்கு நிபுணர்கள் நெடுந்தூர ஓட்டத்தில் மணித்தியாலத்துக்கு 60 முதல் 90 கிராம் மாச்சத்து எடுக்கச் சொல்வது இந்த இடைவெளியை நிரப்பத்தான். இன்னொரு நுணுக்கமும் உண்டு. ஒரு லீற்றர் ஒட்சிசனைக் கொண்டு மாச்சத்தை எரித்தால் ஏறத்தாழ 5 கலோரி கிடைக்கும். கொழுப்பை எரித்தால் 4.7 தான். மூச்சு வாங்க வாங்க ஓடுகிறவருக்கு இந்தச் சின்ன வித்தியாசம் பெரிய வித்தியாசம்.

“நீ சொல்வது சாதாரணக் கொழுப்பு, எம்சிரி வேறு சாதி” என்பார்கள். நியாயமான மறுப்பு. எம்சிரியில் இருக்கும் நடுத்தர நீளச் சங்கிலி கொண்ட கொழுப்பமிலங்கள் மற்றக் கொழுப்பைப் போல நிணநீர் வழியாகச் சுற்றி வருவதில்லை. குடலிலிருந்து நேரே ஈரலுக்குப் போய்ச் சுறுக்காக எரிகின்றன. அப்படியானால் ஓடும்போதே குடித்து, உடனே எரித்து, கிளைக்கோசனை மிச்சம் பிடிக்கலாமே? யோசனை அழகானது. 1996இல் தென்னாபிரிக்காவின் கேப் டவுனில் இதைச் சோதித்தார்கள். ஆறு சைக்கிள் வீரர்கள் இரண்டு மணித்தியாலம் மிதித்துவிட்டு, அந்தக் களைப்போடு 40 கிலோமீற்றரை முடிந்த வேகத்தில் ஓட்டி முடிக்க வேண்டும். குளுக்கோசு மட்டும் குடித்தபோது சுமார் 67 நிமிடம். குளுக்கோசோடு எம்சிரி கலந்தபோது 65. எம்சிரி மட்டும் குடித்தபோது 72. விளம்பரக்காரர்கள் இதில் நடுவில் நிற்கும் 65ஐ மட்டும் பிடித்துக்கொண்டார்கள். கடைசியில் நிற்கும் 72ஐ எந்தப் போத்தலிலும் காண மாட்டீர்கள்.

அந்த 65ம் நிலைக்கவில்லை என்பதுதான் கதையின் மிச்சம். 1998இல் நெதர்லாந்தில் அஸ்கர் யூகன்ட்ரூப்பும் கூட்டாளிகளும் 85 கிராம் எம்சிரி கொடுத்துப் பார்த்தார்கள். மாச்சத்தோடு சேர்த்துக் கொடுத்தால் கூடுதல் நன்மை எதுவும் இல்லை; தனியே கொடுத்தால், சத்தே இல்லாத வெறும் பானம் குடித்தவர்களைவிட நூற்றுக்குப் பதினேழு பதினெட்டுப் பங்கு மோசம். வயிறு புரட்டினால் கால் எப்படி மிதிக்கும்? பிறகு 2005இல் கேப் டவுன் ஆய்வுகூடமே இதை அதிநெடுந்தூர அளவுக்கு நீட்டிப் பார்த்தது. நாலரை மணித்தியாலம் மெல்லிய வேகம், இடையிடையே கடுமையான பாய்ச்சல். எம்சிரி சேர்ந்த நாளில் பாய்ச்சல்கள் மந்தமாயின. பாதிப் பேருக்கு வயிற்றுக் கோளாறு. ஒரு இடத்தில் பிறந்த நம்பிக்கையை அதே இடம் திரும்பச் சோதித்துக் கைவிட்டது. விஞ்ஞானத்தில் இதைவிட நேர்மையான காரியம் குறைவு. (1996 ஆய்வில் கையொப்பமிட்டவர்களில் ஒருவரான ரிம் நோக்ஸ் பின்னாளில் மாச்சத்தையே விரட்டும் பிரசாரகராக மாறியது தனிக்கதை, அதை இன்னொரு பதிவுக்கு வைத்துக்கொள்வோம்.) இவை எல்லாம் ஆறு பேர், ஏழு பேர், எட்டுப் பேர் என்ற சின்ன ஆய்வுகள்தானே என்று நீங்கள் கேட்கலாம். உண்மைதான், ஒவ்வொன்றும் தனியே நின்றால் எடை குறைவு. ஆனால் வேறு வேறு கைகள் செய்த சோதனைகள் ஒரே பக்கம் சாய்ந்தால், நிரூபிக்க வேண்டிய பாரம் போத்தல் விற்பவர் தலையில்தான் விழும்.

நம் ஊரில் இதற்கு ஒரு கிளைக்கதையும் ஓடுகிறது: “எம்சிரி என்பது வேறொன்றுமில்லை, எங்கள் தேங்காயெண்ணெய்தான், வெள்ளைக்காரன் போத்தலில் அடைத்து விற்கிறான்.” கேட்க இனிக்கிறது. ஒரு மேசைக்கரண்டி தேங்காயெண்ணெயை எடுத்துப் பாருங்கள்: 14 கிராம், ஏறத்தாழ 120 கலோரி. அதில் பாதிக்குக் கிட்ட லோரிக் அமிலம். புத்தகத்தில் அதை நடுத்தரச் சங்கிலி என்று எழுதினாலும், உடம்புக்குள் அதன் பெரும்பகுதி நீளச் சங்கிலிக் கொழுப்பைப் போலவே நிணநீர் வழியில்தான் போகிறது. ஆய்வுகளில் கொடுத்த எம்சிரி, எட்டுக் காபன், பத்துக் காபன் அமிலங்களால் ஆனது. அவை இரண்டும் சேர்ந்து அந்தக் கரண்டியில் இரண்டு கிராமைத் தொடாது. நெதர்லாந்தில் கொடுத்த 85 கிராமுக்கு ஈடாக வேண்டுமென்றால் நாற்பது கரண்டிக்கு மேல் குடிக்க வேண்டும். அதற்குப் பிறகு உகந்தைக்குப் போக வழி கேட்க மாட்டீர்கள், கழிவறைக்கு வழி கேட்பீர்கள். சுருக்கமாக, ஒரு கரண்டி எண்ணெய் தருவது அரை மணி நேர நடைக்கான கலோரி. அது எண்ணெயாகவும் வரலாம், கதலி வாழைப்பழமாகவும் வரலாம். பழம் மலிவு, வயிறும் கும்பிடும்.

இனி வருவது வலுவான எதிர்வாதம். பல மாதமாகச் சோற்றையும் சீனியையும் ஒதுக்கி, கொழுப்பையே பிரதான உணவாக்கிக்கொண்ட ஓட்டக்காரர்கள் இருக்கிறார்கள். 2016இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று இப்படிப்பட்ட பத்து அதிநெடுந்தூர ஓட்டக்காரர்களை, மாச்சத்து உண்ணும் பத்துப் பேரோடு ஒப்பிட்டது. கொழுப்பை எரிக்கும் உச்ச வேகம் மாச்சத்து உண்பவர்களுக்கு நிமிடத்துக்கு 0.67 கிராம், கொழுப்பு உண்பவர்களுக்கு 1.54. அதாவது நான் மேலே சொன்ன ஆலையின் எல்லை நிலையானதல்ல, அதைப் பெருப்பிக்க முடியும். 2019இல் நூறு மைலைப் பதினொன்றரை மணித்தியாலத்துக்குள் ஓடி உலக சாதனை வைத்த சாக் பிற்றர் இந்தப் பாதையில் வந்தவர். இதை மறுக்க முடியாது, மறுக்கவும் தேவையில்லை. ஆனால் மூன்று விடயத்தைக் கவனியுங்கள். அந்த ஆய்வு எரிக்கும் வேகத்தைத்தான் அளந்தது. யார் முந்துவார் என்று ஓடவிட்டுப் பார்க்கவில்லை. பிற்றரும் போட்டி நாளில் மாச்சத்தைத் தொடாதவரல்ல என்று அவரே சொல்லியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்த மாற்றம் போத்தலால் வந்ததல்ல. மாச்சத்தை வாரக்கணக்கில், மாதக்கணக்கில் பட்டினி போட்டதால் வந்தது. சோறும் கறியும் வழமைபோலச் சாப்பிட்டுவிட்டு மேலே ஒரு கரண்டி எண்ணெய் விடுகிறவருக்கு இந்த ஆய்வு எந்தச் சாட்சியும் சொல்லவில்லை.

ஓடவிட்டுப் பார்த்தவர் விளையாட்டுப் போசாக்கு ஆய்வாளர் லூயிஸ் பேர்க். அவுஸ்திரேலியாவின் கன்பராவில் உலகத் தரமான நடைப்போட்டி வீரர்களைக் கூட்டி, மூன்று வாரம் கடும் பயிற்சி கொடுத்து, உணவை மட்டும் குழுவுக்குக் குழு மாற்றினார்கள். 2017இல் முடிவு வெளியானது. நடைப்போட்டி என்பதால் எங்கள் விடயத்துக்கு இதைவிடக் கிட்டிய சாட்சி கிடையாது. மாச்சத்து உண்ட குழுக்களின் 10 கிலோமீற்றர் நேரம் நூற்றுக்கு ஐந்து, ஆறு அளவில் மேம்பட்டது. கொழுப்பு உண்ட குழு அதே பயிற்சியைச் செய்தும் நின்ற இடத்திலேயே நின்றது. அவர்கள் உடம்பு கொழுப்பை அபாரமாக எரித்தது, உண்மை. ஆனால் அதே வேகத்தில் நடக்க முன்னைவிடக் கூடுதல் ஒட்சிசன் கேட்டது. அந்த ஒட்சிசன் கணக்குத்தான் இங்கே வட்டியோடு வந்து நிற்கிறது. பேர்க் பின்னர் வேறு வீரர்களோடு திரும்பவும் செய்தார், கதை மாறவில்லை. 1983இல் ஸ்டீபன் பின்னி ஐந்து சைக்கிள் வீரர்களோடு செய்த ஆய்வைக் கொழுப்புக் கட்சியார் அடிக்கடி மேற்கோள் காட்டுவார்கள். நாலு வாரம் கொழுப்புணவுக்குப் பிறகு களைத்து விழும் நேரம் 147 நிமிடத்திலிருந்து 151 ஆனது என்பது அதன் முடிவு. அதுவும் ஒருவர் மட்டும் பெரிதாகக் கூட்டியதால் வந்த சராசரி. அதிநெடுந்தூரத்தில் வேகம் குறைவு, ஒட்சிசன் தட்டுப்பாடும் குறைவு, எனவே அங்கே இந்தக் குறை பெரிதாகத் தெரியாது என்று அவர்கள் சொல்வதை ஒப்புக்கொள்கிறேன். தெரியாது என்றால் நட்டம் குறையும், அவ்வளவுதான், இலாபம் வந்துவிடாது.

கொழுப்புக்கு நான் மனமார இடம்விடும் ஒரு இடம் உண்டு. அது சுமை. 1992-93இல் துருவப் பயணி ரனல்ஃப் ஃபைன்ஸும் வைத்தியர் மைக் ஸ்ட்ரௌட்டும் வண்டிலை இழுத்துக்கொண்டு அந்தாட்டிக்காவைக் கடந்தபோது, அவர்களின் உணவில் பாதிக்கு மேற்பட்ட கலோரி கொழுப்பாக இருந்தது. ஒரு நாளுக்கு 5,000 கலோரிக்கு மேல் சாப்பிட்டும் இருவரும் இருபது கிலோவுக்கு மேல் இளைத்தார்கள். வாரக்கணக்கான சாப்பாட்டைத் தானே இழுக்கிறவருக்கு, கிராமுக்கு 4 கலோரி தரும் மாவைவிட 9 கலோரி தரும் கொழுப்புப் பாரம் குறைவு. குமணக் காட்டுக்குள் பல நாள் உலர் உணவை முதுகில் கட்டிப் போகிறவர் அவலோடும் சீனியோடும் வறுத்த கச்சானையும் தேங்காய்ச் சொட்டையும் முடிந்துகொள்வதில் இதே புத்தி இருக்கிறது. இனிப்பையே தின்று தின்று நாக்குச் சலித்த பத்தாவது மணித்தியாலத்தில் உப்புப் போட்ட கச்சான் ஒரு பிடி உள்ளே போவதும் பெரிய காரியம். இங்கே கொழுப்பு வேலை செய்வது உணவாக. வேகத்தைக் கூட்டும் மருந்தாக அல்ல.

உணவு என்றதும் தேங்காய்க்கு வக்காலத்து வாங்கிக்கொண்டு வருவார்கள். தென்னையும் வாவியும் பெற்றெடுத்த ஊரில் தேங்காயைப் பழிக்க முடியுமா, எங்கள் மூத்தவர்கள் சம்பலும் சொதியும் தின்றுதானே வயல் வெட்டினார்கள், தோணி வலித்தார்கள் என்று. பழிக்கவில்லை. புட்டோடும் சோற்றோடும் வந்த தேங்காய்ப்பூவும் பாலும் ஒரு சாப்பாட்டின் அங்கம். பக்கத்தில் மாச்சத்து மலைபோல் இருந்தது, நாள் முழுக்க உடம்பு வேலை செய்தது. வெறும் எண்ணெயைக் கரண்டியால் குடித்து அவர்கள் வயலுக்குப் போகவில்லை. 2020இல் பதினாறு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த ஆய்வொன்று, சூரியகாந்தி, சோயா போன்ற எண்ணெய்களோடு ஒப்பிட்டால் தேங்காயெண்ணெய் தீய கொலஸ்ரரோலை டெசிலீற்றருக்குப் பத்து மில்லிகிராம் அளவு ஏற்றுவதாகக் காட்டியது. இருபது வயது ஓட்டக்காரருக்கு இது தலைபோகிற காரியமல்ல. ஐம்பத்தைந்து வயதில் சீனி வருத்தத்தோடும் பிறசரோடும் பாதயாத்திரைக்கு ஆயத்தப்படுத்துகிறவர், “சத்து” என்று நம்பித் தினமும் மூன்று கரண்டி குடிப்பது வேறு விடயம்.

மற்றச் சரக்குகளை விரைவாகப் பார்த்துவிடலாம். மீனெண்ணெய்: பயிற்சி பெற்ற சைக்கிள் வீரர்களுக்கு எட்டு வாரம் கொடுத்த அவுஸ்திரேலிய ஆய்வொன்றில் இதயத் துடிப்புக் குறைந்தது, ஒட்சிசன் தேவையும் குறைந்தது, ஆனால் களைக்கும் நேரம் நீளவில்லை. வாவி மீனும் கடல் மீனும் வாரத்தில் பல நாள் சட்டியில் ஏறும் ஊருக்குக் குளிசை எதற்கு? கீற்றோன் (கொழுப்பு எரியும்போது ஈரல் உண்டாக்கும் பொருள்) பானம்: 2017இல் தொழில்முறை சைக்கிள் வீரர்களுக்குக் கொடுத்த ஆய்வொன்றில் நேரம் நூற்றுக்கு இரண்டு கூடியது, வயிறும் கெட்டது. கோப்பியில் பட்டர்: களைப்பைத் தள்ளிப்போடுவது கோப்பி. பட்டர் கூட வந்த விருந்தாளி.

கடலில் நீந்துகிறவர்களை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். வல்வெட்டித்துறை ஆழிக்குமரன் ஆனந்தன் 1971இல் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி போய்த் திரும்பிப் பாக்குநீரிணையை இருவழியும் நீந்தியபோது தண்ணீர் வெதுவெதுப்பு. 1984இல் அவர் உயிரைக் குடித்த ஆங்கிலக் கால்வாய், கோடையிலும் குளிரால் ஆளை முடக்கும் தண்ணீர். அப்படிப்பட்ட கடலில் தோலுக்கடியில் இருக்கும் கொழுப்புக் குளிரைத் தடுக்கும் படை. அதனால்தான் கால்வாய் நீச்சல்காரர்கள் நிறை கூட்டிக்கொண்டு இறங்குவதுண்டு. அது எரிபொருள் விவகாரம் அல்ல. அதுவும் மாதக்கணக்கில் சாப்பிட்டுச் சேர்ப்பது.

எங்கள் பக்கத்து நெடுநடையின் உண்மையான எதிரி வெக்கை. கச்சான் காற்று அனலாக அடிக்கும் மாதங்களில்தான் யாத்திரையும் வருகிறது. வெக்கையில் தசை கிளைக்கோசனை இன்னும் வேகமாகச் செலவழிக்கும், வியர்வையோடு உப்புப் போகும், குடலுக்குப் போகும் குருதி குறையும். அந்த நேரத்தில் இரைப்பையில் மந்தமாகக் கிடக்கும் பொருள்களில் முதலிடம் கொழுப்புக்குத்தான். நூறு மைல் ஓட்டங்களில் பாதியில் விலகுகிறவர்களைக் கேட்டால், கால் வலிக்குச் சமமாக வாந்தியையும் வயிற்றுப்பிரட்டலையும் சொல்வார்கள். ஓடிக்கொண்டே எண்ணெய் குடிப்பது, கெடப்போகிற வயிற்றுக்கு நாள் குறித்துக் கொடுப்பது மாதிரி. தெருவோரத் தாகசாந்திப் பந்தலில் கிடைக்கும் தேசிக்காய்த் தண்ணீரைப் பாருங்கள்: சீனி, ஒரு சிட்டிகை உப்பு, தண்ணீர். மூன்று தேக்கரண்டி சீனி போட்டிருந்தால் 12 கிராம் மாச்சத்து. அதோடு இரண்டு கதலிப்பழம் என்றால் ஒரு மணித்தியாலத்து நடைக்குத் தேவையானதற்கு மேலேயே கிடைத்துவிடும். அன்னதானத்தில் ஒரு தட்டுச் சோறு இரவோடு இரவாகக் கிளைக்கோசனை நிரப்ப உதவும். புண்ணியத்துக்கென்று வைத்த பந்தல், போசாக்குக்கும் சரியாகத்தான் அமைந்திருக்கிறது.

எம்சிரி எண்ணெயை ஒரேயடியாகத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கொழுப்பை உறிஞ்ச முடியாத குடல் நோயாளிகளுக்காகத்தான் 1950களில் அது வைத்தியத்துக்குள் வந்தது. 1970களில் வலிப்பு நோயுள்ள பிள்ளைகளின் விசேட உணவிலும் இடம் பிடித்தது. அந்த இரண்டு இடத்திலும் வைத்தியரின் கண்காணிப்பில் அது இன்றைக்கும் உதவுகிறது. இந்த முறை உகந்தை வழியாக நடக்க எண்ணியிருக்கிறவர்களுக்கும், நெடுந்தூர ஓட்டத்துக்குப் பெயர் கொடுத்திருக்கும் பெடியன்களுக்கும் ஒரு வேண்டுகோள்: யாராவது போத்தலை நீட்டினால், எத்தனை பேரிடம் சோதித்தது, எத்தனை கிராம் கொடுத்தது, ஓடவிட்டுப் பார்த்ததா, வயிறு எப்படி இருந்தது என்று நாலு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் அந்தக் காசுக்கு நல்ல செருப்பு ஒரு சோடி வாங்குங்கள். நீரிழிவோ இதய வருத்தமோ உள்ளவர்கள் வெளிக்கிடுவதற்கு ஒரு மாதம் முன்னரே கிளினிக்கில் காட்டி, மருந்தின் அளவைக் கேட்டுக்கொண்டு வெளிக்கிடுங்கள்.